தோள் பாக்கி

கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில், சட்டைக் காலருக்குக் கீழே, மோகன்ராஜுக்கு ஒரு வலி குடியிருந்தது. காலையில் எழும்போது அது கட்டைவிரல் அளவுக்கு இருக்கும். முதல் லாரி வந்து நாலு மூட்டை இறங்கியதும் உள்ளங்கை அளவுக்குப் பரவும். மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போது இரண்டு தோளிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலத்துக்கு மேல் வலி எது, தான் எது என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. மனைவி சாமுண்டீஸ்வரி தைலம் தேய்த்துவிட்டால் அவள் கைதான் எரியும். இவனுக்கு ஒன்றும் உறைக்காது.

இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி இருந்த பார்சல் குடோனில் அவன் லோடுமேன். அவனுக்கு ஜோடி சக்திவேல். ஆள் குட்டை. கழுத்து என்று தனியாக ஒன்றைப் படைக்காமல் தலையை நேராகத் தோளில் வைத்து அனுப்பிவிட்ட மாதிரி இருப்பான். வாயைவிடக் கையில் இருக்கிற மூட்டைக் கொக்கியைத்தான் அதிகம் நம்புவான்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மோகன்ராஜின் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. 'உவர்நாடு' சினிமாவின் முதல் போஸ்டர். வெள்ளை வெளேர் என்ற மலை, அதன்மேல் கதாநாயகன், பின்னால் புகைமூட்டமாக ஏதோ ஒரு மிருகம். மோகன்ராஜ் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினான். முகத்தை அல்ல, தோளை.

"இன்னாடா, ஆஸ்பத்திரில எக்ஸ்ரே பாக்கற மாதிரி பாத்துகினு கீற?" என்றான் சக்திவேல்.

"கடம்பன்டா. தோளு நேரா கீது."

"ஆம்பளைக்குத் தோளு நேராத்தான் இருக்கும். கோணலாவா இருக்கும்?"

"இவனுக்குக் கோணலா இருக்கணும் மச்சான்."

சக்திவேல் சோற்றில் கை வைத்தபடி அவனை ஒருமுறை பார்த்தான். "சரி, ஊறுகாயை இப்படித் தள்ளு" என்றான்.

உவர்நாடு நாலு பாகம் கொண்ட நாவல். கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு நாடு. அங்கே காசு கிடையாது. சனங்கள் உப்பு மூட்டையை முதுகில் ஏற்றி, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய், தானியத்தோடு திரும்புவார்கள். மலைப்பாதையில் ஒரு யாளி படுத்திருக்கும். வெறுங்கையோடு போகிறவனுக்கு அது வெறும் கல். முதுகில் சுமை இருக்கிறவனோடு மட்டும் வாய் திறந்து பேசும். நாட்டுக்கு ஒரே ஒரு சட்டம். வழியில் ஒருவன் முடியாமல் நின்றால், இன்னொருவன் 'தோள் மாற்று' என்று சொல்லி அவன் சுமையை வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் அது தோள் கடன். அந்தக் கடனைப் பொருளாகத் திருப்பக் கூடாது, வாய்வார்த்தையாகவும் திருப்பக் கூடாது. தோளாகத்தான் திருப்ப வேண்டும்.

மறைந்து வாழ்கிற இளவரசன் கடம்பன் முதல் பாகத்தில் மலையேற மாட்டாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான். கழுத்து வளைந்த சுமைக்காரி வேம்பி தன் மூட்டைக்கு மேல் அவன் மூட்டையையும் போட்டுக்கொண்டு உச்சிவரை போவாள். கடன் தீர்வதற்குள் செத்தும் போவாள். அதற்குப் பிறகு மூன்று பாகமும் கடம்பன் வலது தோளைச் சாய்த்தே நடப்பான், இறக்கி வைக்க இடமில்லாத ஒரு மூட்டை அதில் இருக்கிற மாதிரி.

மோகன்ராஜ் புத்தகப் புழு ஒன்றும் இல்லை. ஒன்பதாவதோடு நின்றவன். அவனைப் படிக்க வைத்தது அவனுடைய இடுப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், சிமெண்ட் மூட்டையோடு வழுக்கி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீடு. வாசல்வரை தண்ணீர். மழை ஓயும்வரை அதற்குள் படுத்தே கிடந்தான். யாரும் வந்து கேட்காமல் குடோனில் நனைந்துகொண்டிருந்த ஒரு புத்தகப் பார்சலிலிருந்து அந்த முதல் பாகத்தை உருவிக்கொண்டு வந்து போட்டவன் சக்திவேல்தான். "தலகாணிக்கு அடில வெச்சிக்கோ. உசரமா இருக்கும்" என்றான். மோகன்ராஜ் அதைத் தலைக்கு வைக்காமல் படித்தான்.

குடோன் லோடுமேன்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பங்கு மூட்டை தூக்க ஆளில்லாமல் கிடந்தால் மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுவிடுவார். போட்டால் போனதுதான், அந்த இடம் திரும்பாது. அந்த மழைக்காலம் முழுக்க மோகன்ராஜின் பங்கையும் சேர்த்து சக்திவேல் தூக்கினான். இடம் போகவில்லை. மோகன்ராஜ் திரும்பி வந்த அன்று, "வந்துட்டியா? அந்தக் கொக்கிய எடு" என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் அவனும் பேசவில்லை, இவனும் பேசவில்லை.

பேச நினைக்காமல் இல்லை. தேங்க்ஸ் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ஆனால் அது பேங்க்கில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் சொல்கிற வார்த்தை. சக்திவேலிடம் சொன்னால் சிரிப்பான், இல்லையென்றால் அடிப்பான். ஒருமுறை பிரியாணி வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். "இன்னாடா விசேஷம்?" என்று கேட்டுவிட்டு அவன் சாப்பிட்டுப் போனான்.

சக்திவேலுக்குப் புத்தகம் ஆகாது. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிறதோடு சரி. "படமா வந்தா சொல்லு, பாக்கறேன்" என்பான். உவர்நாடு படமாகிறது என்ற செய்தி வந்த நாளிலிருந்து மோகன்ராஜின் மனசில் ஒரே காட்சிதான் ஓடியது. திரையில் வேம்பி குனிந்து கடம்பனின் மூட்டையை வாங்குகிறாள். தாம்பரத்துத் தியேட்டரில் பக்கத்து சீட்டில் சக்திவேல் உட்கார்ந்திருக்கிறான். அவன் பார்ப்பான். பார்த்தால் புரிந்துகொள்வான். அதற்குப் பிறகு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போஸ்டரில் கடம்பனின் தோளைத் தேடியது இதற்காகத்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அவர்கள் கூடினார்கள். வாட்ஸ்அப்பில் 'உவர்நாட்டார்' என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் நேரில் வந்து டீ குடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். கிறிஸ்டி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவள். சர்ச் முடிந்து அதே பட்டுப் புடவையோடு ஸ்கூட்டியில் வந்துவிடுவாள். இரண்டாம் பாகத்தைத் தேடி மோகன்ராஜ் பழைய புத்தகக் கடையில் நின்றபோது, "அண்ணா, என்கிட்ட இருக்கு, தர்றேன்" என்று தானாக வந்து பேசியவள். ஜேசன் செல்போன் கடையில் வேலை செய்கிறவன். எதையும் நம்பாதவன், ஆனால் எல்லாப் பாகத்தையும் இரண்டு முறை படித்தவன்.

"போஸ்டர் பார்த்தீங்களா அண்ணா?" என்றாள் கிறிஸ்டி.

"பாத்தேன்மா. தோளு நேரா கீது."

"ஜிம்முக்கு விளம்பரம் குடுத்த மாதிரி இருக்கு" என்றான் ஜேசன்.

"டேய், அது கதையோட ஆரம்பம்டா. கடன்படறதுக்கு முன்னாடி. அப்போ தோள் நேராத்தானே இருக்கும்?"

"அக்கா, நீங்க ஃபெயிலானவனுக்கும் கான்டக்ட் சர்டிஃபிகேட்ல 'குட்'னு போடுற ஆளு. டீசர்ல யாளி ஒரு செகண்ட் வருது, பார்த்தீங்களா? அப்படியே தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் நாய்."

"எந்த நாயி? காது கிழிஞ்ச வெள்ளை நாயா?" என்று மோகன்ராஜ் அக்கறையாகக் கேட்டான். "அது நல்ல நாயிப்பா."

கிறிஸ்டி சிரித்து, டீ புடவையில் சிந்தாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். "யாளி எப்படியோ வரட்டும். வேம்பிக்குக் கழுத்து வளைஞ்சிருக்கணும். அதை மட்டும் மாத்தாம இருந்தா போதும்."

"கழுத்தை வளைச்சா நெக்லஸை எங்க மாட்டுவாங்க?"

"உன் வாயில."

மோகன்ராஜ் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கு அந்தத் தோள் மாத்தற சீனு வந்துட்டா போதும்மா. வேற எத்த எடுத்தாலும் சரி, உட்டாலும் சரி."

"அது இல்லாம எப்படி அண்ணா எடுப்பாங்க? கதையே அதுதானே? அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

"சிக்ஸ் பேக் இருக்கு" என்றான் ஜேசன். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் சிரிப்பு வரவில்லை.

*

அடுத்த வாரம் குடோன் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் பாலு. சினிமாவுக்குக் கூட்டத்து ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட், மேஸ்திரிக்குத் தெரிந்தவர்.

"மூட்டை தூக்கிகினு மேட்டுல ஏறுறதுக்கு ஆளுங்க வேணும்பா. எங்க பசங்க தூக்கினா ஸ்கூலுக்குப் பை தூக்கிகினு போற மாதிரி கீதாம். டைரக்டரு கத்தறாரு. நாளைக்கு வண்டலூர் தாண்டி, பழைய கல்குவாரில ஷூட்டிங்கு."

"இன்னா படம்ணா?" என்றான் மோகன்ராஜ்.

"ஏதோ உப்புப் படம்பா. பேரு வாயில நுழையல."

மோகன்ராஜ் கையில் இருந்த மூட்டையை அப்படியே கீழே வைத்தான். சக்திவேல் வேறு விஷயம் கேட்டான். "மூட்டைல இன்னா ரொப்பி இருப்பாங்க?"

"தர்மாகோல்தான்."

"வெயிட்டே இல்லாத மூட்டைக்குக் கூலியா? எங்கப்பன் ஆத்தா சேத்த புண்ணியம்டா. நான் வர்றேன்."

மறுநாள் காலை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது. குவாரி வாசலில் போன்களை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டினார்கள். அழுக்கு வேட்டியைக் கொடுத்து, உடம்பு முழுக்க ஏதோ ஒரு வெள்ளைப் பவுடரைப் பூசினார்கள். குவாரியின் ஒரு பக்கத்துச் சரிவை மலையாக்கி இருந்தார்கள். பாறைமேல் பிளாஸ்டர் படிகள், படிகள்மேல் வெள்ளைப் பெயிண்ட். தூரத்திலிருந்து பார்க்க உப்பு பூத்த மாதிரியேதான் இருந்தது. மோகன்ராஜ் நின்று பார்த்தான். படுத்துக்கொண்டு படித்தபோது கண்ணுக்குள் பார்த்த அதே பாதை. வளைவு, வளைவைத் தாண்டி ஒரு கல், அதற்கு எதிரே பள்ளம். கட்டியவன் எவனோ புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறான்.

யாளி இருக்கவேண்டிய இடத்தில் பச்சைத் துணி போர்த்திய ஒரு டிரம் இருந்தது.

"இதுவாடா நீ சொன்ன யாளி?"

"கம்ப்யூட்டர்ல போடுவாங்க மச்சான்."

"முதுகுல மூட்டை கீறவன்கிட்டதானே பேசும்? நம்ம முதுகுல கீதே. பேசுதா பாரு." சக்திவேல் டிரம்முக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தான். "தண்ணி இல்லியாம். ரொப்பச் சொல்லுது."

ரோஹிணி என்ற உதவி இயக்குநர் கழுத்தில் விசிலும் கையில் மைக்குமாக மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தாள். வெயிலில் முகம் கன்றிப்போன சின்ன வயதுப் பெண். "அண்ணா, எல்லாரும் கேளுங்க. முதுகுல ரொம்ப வெயிட் இருக்கிற மாதிரி குனிஞ்சு நடங்க. கேமராவைப் பார்க்கக் கூடாது. ஹீரோ சார் உங்க நடுவுல வருவாரு. அவரையும் பார்க்கக் கூடாது."

நடந்தார்கள். தூக்கித் தூக்கிப் பழகிய உடம்பு, முதுகில் மூட்டை வந்ததும் தானாக மடங்கியது. வெயிட் இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. காற்றடித்தால் மூட்டை முதுகைவிட்டுக் கிளம்பப் பார்த்தது. மூன்று நாலு முறை ஏறி இறங்கியபின் டேக் என்றார்கள்.

வளைவில் திரும்பும்போது சக்திவேலின் காலடியில் ஒரு பிளாஸ்டர் படி உடைந்தது. அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். அந்தக் கணத்தில் மோகன்ராஜ் எதையும் யோசிக்கவில்லை. குடோனில் ஜோடி தடுமாறினால் என்ன செய்வானோ அதைச் செய்தான். தன் மூட்டையை நழுவவிட்டு, முழங்காலை மடக்கி, வலது தோளைச் சக்திவேலின் மூட்டைக்கு அடியில் கொடுத்து, முழு மூச்சையும் பிடித்து ஒரே எம்பாக எம்பினான். வாயிலிருந்து, "தோள் மாத்து" என்று வேறு வந்துவிட்டது.

எம்பியது சிமெண்ட் மூட்டைக்கான எம்பு. மூட்டையில் இருந்தது தர்மாகோல். அது ஆகாயத்தில் போனது. போய், பாறையில் இடித்து, திரும்பிவந்து, கதாநாயகனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தவர் மேல் மோதி, கதாநாயகன் காலடியில் வாயைப் பிளந்தது. உள்ளே இருந்த வெள்ளை உருண்டைகள் காற்றோடு சேர்ந்து மலை முழுக்கப் பறந்தன. உவர்நாட்டில் ஆலங்கட்டி மழை.

"கட்! கட்! யாருய்யா அது?"

கீழேயிருந்து புரொடக்ஷன் மேனேஜர் சாமியாடிக்கொண்டு ஏறி வந்தார். மோகன்ராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் சக்திவேல் அவன் காலை நறுக்கென்று மிதித்துவிட்டு ஓர் அடி முன்னால் போய் நின்றான்.

"நான்தான் சார். கால் தடுக்கிச்சு. மூட்டைய உட்டுட்டேன்."

"விட்டா அது ராக்கெட் மாதிரி மேலயா போகும்? காலை லைட் போயிட்டிருக்கு, இதைப் பொறுக்கி எடுக்கவே மத்தியானம் ஆயிடும். நீ கிளம்பு. போய் டிரெஸ்ஸைக் குடுத்துட்டு வெளிய போ."

"போறேன் சார்."

மோகன்ராஜ் அவன் கையைப் பிடித்தான். "டேய், இன்னாடா நீ…"

"கம்னு இரு" என்றான் சக்திவேல் பல்லுக்குள். "எனக்கு இதுல இன்னா கீது? உன் கதை. நீ இருந்து பாரு."

முதுகில் பவுடரோடு அவன் சரிவில் இறங்கிப் போனான். மோகன்ராஜ் கூடவே போயிருக்கலாம். போகவில்லை. அடுத்து எடுக்கப்போவது அந்தக் காட்சி என்று பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருந்தது.

உருண்டைகளைப் பொறுக்கி முடித்ததும் வேம்பியாக நடிக்கிறவளை அழைத்து வந்தார்கள். கழுத்து நேராக இருந்தது. நெக்லஸ் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ரோஹிணி மைக்கில் சொன்னாள். "வேம்பி மேடம் இங்க தடுமாறி விழுவாங்க. கடம்பன் சார் வந்து அவங்க மூட்டையை ஒரே கையால தூக்கித் தோள்ல போட்டுப்பாரு. உடனே நீங்க எல்லாரும் கையைத் தூக்கிக் கத்தணும்."

"மேடம்" என்றான் மோகன்ராஜ். "யாரு மூட்டைய யாரு தூக்கறது?"

ரோஹிணி அவனைப் பார்த்தாள். விசிலை ஊதினாள்.

எடுத்தார்கள். கடம்பன் ஒரே கையால் மூட்டையைத் தூக்கினான். தர்மாகோல்தானே, யார் வேண்டுமானாலும் தூக்கலாம். வேம்பி நன்றியோடு அண்ணாந்து பார்த்தாள். எல்லோரும் கத்தினார்கள். மோகன்ராஜும் கையைத் தூக்கிக் கத்தினான். கூலி வாங்கப்போகிறான், கத்தாமல் நிற்க முடியாது. இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். இன்னொரு முறையும் கத்தினான்.

டீ வந்தபோது ரோஹிணி அவன் இருந்த பாறைக்கு வந்தாள்.

"அப்போ தோள் மாத்துன்னு கத்தினது நீங்கதானே அண்ணா? மைக்ல கேட்டுச்சு. அவர் இல்ல."

"நான்தான்."

"புக் படிச்சிருக்கீங்க."

"நாலு பாகமும்."

அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "நான் காலேஜ்ல படிச்சேன். அந்த சீனுக்காகத்தான் இந்தப் படத்துல வந்து சேர்ந்தேன். எழுதினபடியேதான் முதல்ல வெச்சிருந்தோம். மாத்தி மாத்திக் கடைசில இப்படி ஆச்சு. ஹீரோ கடன்படக் கூடாதாம். கடன் குடுக்கணுமாம். இல்லேன்னா ஜனங்களுக்குப் பிடிக்காதாம்."

"அப்ப அவனுக்குத் தோளு சாயாதா?"

"சாயாது."

மோகன்ராஜ் டீயை ஆற்றிக் குடித்தான். சர்க்கரை அதிகம். "மலைய நல்லா கட்டியிருக்கீங்க மேடம்" என்றான். "அப்படியே கீது."

அவளுக்குக் கண் கலங்கியது போலிருந்தது. வெயிலாகவும் இருக்கலாம். "உங்க ஃப்ரெண்டைத் திரும்பக் கூப்பிடச் சொல்லட்டுமா?" என்றாள்.

"கூப்பிட்டா வரமாட்டான் மேடம்."

*

பேக்கப் ஆனதும் வேனில் ஏறாமல் மோகன்ராஜ் மெயின் ரோட்டுக்கு நடந்தான். நினைத்தபடியே அங்கே டீக்கடை பெஞ்சில் சக்திவேல் உட்கார்ந்திருந்தான். காதுமடலில் இன்னும் வெள்ளைப் பவுடர்.

"வூட்டுக்குப் போவல?"

"போயி? நீ இந்தப் பக்கம்தானே வருவே."

மோகன்ராஜ் வாங்கிய கூலியில் பாதியை எடுத்து நீட்டினான். சக்திவேல் பிகு செய்யவில்லை. வாங்கிப் பையில் வைத்தான். காசுக் கணக்கு அந்த இடத்திலேயே முடிந்தது. அவர்களுக்குள் காசு எப்போதும் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

"வந்துச்சா உன் சீனு?"

"வந்துச்சு. தலைகீழா வந்துச்சு."

"அப்படின்னா?"

மோகன்ராஜ் சொல்ல ஆரம்பித்தான். இத்தனை வருடத்தில் யாளியைப் பற்றிச் சொல்லியிருக்கிறான், போர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். இந்த ஒரு கதையைத் தியேட்டருக்கென்று எடுத்து வைத்திருந்தான். கடம்பன் உட்கார்ந்துவிட்டது, வேம்பி இரண்டு மூட்டையோடு ஏறியது, செத்தது, அவன் தோள் சாய்ந்தது. பஸ்கள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. சக்திவேல் பெஞ்சை நகத்தால் சுரண்டியபடி கேட்டான்.

"இதுல இன்னாடா பெரிய கதை கீது? ஒருத்தன் முடியலேன்னா இன்னொருத்தன் தோளு குடுப்பான். குடுத்தா குடுத்ததுதான். அதுக்கு நாலு பொஸ்தகமா?"

"அவ செத்துட்டாடா. திருப்பிக் குடுக்க முடியல."

"அப்ப பாக்கி நிக்குமே."

"நிக்குது. அதான் கதை."

சக்திவேல் சுரண்டுவதை நிறுத்தினான். ரோட்டைப் பார்த்தான். "பேஜாருடா" என்றான். அப்புறம், முகத்தைத் திருப்பாமலே, "நீ எனக்கு எதுனா பாக்கி வெச்சிகினு கீறியா இன்னா?" என்றான்.

"வெச்சிகினு கீறேன்."

"எது? அந்த மழையா?"

"அதான்."

"இத்தினி நாளா இத்த வெச்சிகினுதான் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சிகினு இருந்தியா? நான் உனக்குப் பைல்ஸுன்னு நெனச்சேன்." எழுந்து லுங்கியை உதறிக் கட்டினான். "எந்திரி. தாம்பரம் பஸ்ஸு வருது."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். திரும்ப வாங்கிய போனைத் திறந்ததும், அவன் ஷூட்டிங் போவதைத் தெரிந்துவைத்திருந்த கிறிஸ்டியின் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. *அண்ணா என்ன எடுத்தாங்க? வேம்பி கழுத்து? தோள் சீன் இருக்கா?* வெளியில் சொல்லக் கூடாது என்று வாசலில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மோகன்ராஜ் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தான். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. எழுதினால் யாராவது எடுத்து எங்காவது போட்டுவிடுவார்கள், அந்தப் பெண் ரோஹிணிக்கு வேலை போகும். போன் போட்டான்.

"மலை நல்லா இருக்கும்மா. நாம நெனச்ச மலையேதான்."

"தோள் சீன்?"

"ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வா, சொல்றேன்."

கிறிஸ்டி, "இல்லையா அண்ணா?" என்றாள். நம்பிக்கையே தொழிலாக வைத்திருக்கிறவள் அதைக் கேட்ட விதத்தில் அவனுக்கு மனசு கனத்தது.

"இல்லம்மா."

"அப்போ படத்துக்குப் போவோமா?"

"போவோம். எல்லாருமா போவோம். யாளிய பாக்க வேணாமா? கூட ஒரு ஆளையும் இட்டுகினு வர்றேன்."

"யாரு?"

"என் ஜோடி. அவனுக்குக் கதை தெரியும். இன்னிக்குத்தான் சொன்னேன்."

சக்திவேல் கம்பியில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டே தூங்கிவிட்டிருந்தான்.

*

மறுநாள் காலை குடோனில் லோடு அரிசி. வலி கட்டைவிரல் அளவில் இருந்தது. லாரி மேலேயிருந்து சக்திவேலின் முதுகுக்கு மூட்டை இறங்கும்போது மோகன்ராஜ் குறுக்கே போய்த் தன் முதுகைக் கொடுத்தான்.

"இன்னாடா பண்றே?"

"நீ ஒக்காரு. உன் பங்கை இன்னிக்கு நான் தூக்கறேன்."

"ஏன், எனக்கு இன்னா கேடு? கை கால் நல்லாத்தானே கீது? என் மூட்டைல கை வெச்சே, கொக்கியாலயே குத்துவேன். தள்ளு."

மேலே நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி, "லாரி நிக்குதுப்பா, உங்க கொஞ்சலை அப்புறம் வெச்சிக்கோங்க" என்றார். மோகன்ராஜ் தள்ளிக்கொண்டான். சக்திவேல் முதுகை வளைத்து மூட்டையை வாங்கி, அசங்காமல் உள்ளே நடந்தான்.

புத்தகத்தில் எழுதாத ஒன்று அப்போதுதான் மோகன்ராஜுக்கு விளங்கியது. இந்தக் கடனைத் தீர்க்க வேண்டுமென்றால் சக்திவேல் விழ வேண்டும். அவன் இடுப்பு போக வேண்டும், இல்லை, முட்டி போக வேண்டும். எந்தச் சாமியிடம் போய் அதைக் கேட்பது? விழாமல் இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்ள முடியும். அப்படி வேண்டினால் கடன் நிற்கும்.

மோகன்ராஜுக்கு மூட்டை வந்தது. குனிந்து வாங்கினான்.

மழைக்காலம் முழுக்கச் சுமந்த தோள் ஒன்று, குவாரி மேட்டில் பழியைச் சுமந்த தோள் ஒன்று. இரண்டும் மோகன்ராஜ் சக்திவேலுக்குத் தரவேண்டிய பாக்கி. இன்னும் தரவில்லை.